மூன்றாம் மாடியின் டப்பா வட்டம்

ஜூன் 3, செவ்வாய்

மாமாவின் கைபேசி மணியை எடுத்துவிட்டு அங்கே குக்கர் விசில் சத்தத்தைப் போட்டு வைத்தேன். காலையில் அவருக்கு நாலு அழைப்பு வந்தது. நாலு தடவையும் அப்பா அடுப்பை அணைக்க ஓடினார். ஐந்தாவது தடவை கத்தியது நிஜக் குக்கர். "மச்சான், முதல்ல அந்தப் போனை எடுங்க" என்று சொல்லிவிட்டு அப்பா அசையாமல் வெங்காயம் நறுக்கினார். பருப்பு அடிபிடித்ததற்கு நான் பொறுப்பில்லை. சரி, கொஞ்சம் பொறுப்பு.

இதற்கெல்லாம் அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. வண்டியிலிருந்து இறக்கிய காலி டப்பாக்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விவரமாக எழுதி வைக்கிறேன். நாளைக்கு நான் பெரிய ஆளாகி எல்லாவற்றையும் மறந்துவிட்டால்? எங்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கச் சமையலறை. அப்பா சமைக்கிறார். அம்மா தொழிலை நடத்துகிறாள். அம்மாவின் தம்பி, அதாவது மாமா, வண்டி ஓட்டுகிறார். பெரிய கண்ணாடிக் கட்டடத்து ஆபீசுக்கு மதியச் சாப்பாடு எங்களுடையது. போன மாதம் வரை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தோம். தின்றார்கள், தூக்கிப் போட்டார்கள். அம்மாதான் அதை நிறுத்தினாள். பளபளவென்று எவர்சில்வர் டப்பா, நாலு பக்கமும் கொக்கி வைத்த மூடி. சாப்பாடு போகும், டப்பா திரும்பும், கழுவுவோம், மறுபடி போகும். முழுக்க முழுக்க அம்மாவின் யோசனை.

சாப்பாடு போகிறது. டப்பாதான் திரும்புவதில்லை.

ஜூன் 6, வெள்ளி

இன்று அக்கா தம்பி மல்யுத்தம். நான் மாடிப்படியில் உட்கார்ந்து இலவசமாகப் பார்த்தேன்.

மாமா: "அக்கா, பிளாஸ்டிக்னா குடுத்தோமா, வந்தோமான்னு இருந்துச்சு. இப்போ போகும்போது சாப்பாட்டுக்காரன், வரும்போது பிச்சைக்காரன். ஒவ்வொரு மேசையா நின்னு, 'அம்மா டப்பா, ஐயா டப்பா'ன்னு கேக்கணுமா நான்?"

அம்மா: "தினமும் குப்பையைக் காசு குடுத்து வாங்கி, அதுல சாப்பாட்டைப் போட்டு அனுப்பிக்கிட்டு இருந்தோம்டா. அதுவாடா தொழிலு?"

"முன்பணம் வாங்கினோமே, அப்படியும் குடுக்க மாட்டேங்கிறாங்களே!"

"அங்கதான் தப்புப் பண்ணிட்டேன். நான் அதை முன்பணம்னு நினைச்சேன். அவங்க விலைன்னு நினைச்சுட்டாங்க. இவ்வளவு நல்ல டப்பா, இவ்வளவு சல்லிசா வேற எங்க கிடைக்கும்?"

உண்மைதான். டப்பா நன்றாக இருப்பதுதான் டப்பாவின் குற்றம். ஒருவர் வீட்டில் அதற்குள் ஊசி நூல் வைத்திருக்கிறாராம். இன்னொருவர் அதில் மீன்குஞ்சு வளர்க்கிறாராம்.

அதைவிடப் பெரிய இடி: அந்த ஆபீசின் கொள்முதல் மேடம் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கிற நாள். 'இந்த எவர்சில்வர் ஏற்பாடு எங்களுக்கு எந்த வகையில் லாபம் என்று வந்து சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் பிளாஸ்டிக் டப்பாவில் கொடுக்க வேறு ஆள் தயாராக இருக்கிறார்கள்.'

அந்த ஆபீஸ் போனால் எங்கள் அடுப்பில் பாதி அணைந்துவிடும். அம்மா அதைச் சொல்லவில்லை. பாத்திரம் தேய்க்கிற சத்தம் சொன்னது.

ஜூன் 9, திங்கள்

என் மூளைக்கு நானே ஒரு முத்தம் கொடுத்திருப்பேன், உதடு எட்டவில்லை.

டப்பா அழகாக இருப்பதால்தானே கடத்துகிறார்கள்? வீட்டில் வைக்கவே வெட்கமாக இருக்கிற மாதிரி ஆக்கிவிட்டால்? பாத்திரக்கடை வாசலில் மின்சாரப் பேனாவால் எழுத்து வெட்டித் தருகிற ஆளிடம் போனேன். நான் எழுதிக் கொண்டுபோன வாசகங்களைப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதையெல்லாம் வெட்டுறது உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க." (டப்பாவில் ஏதோ எழுதப்போகிறேன் என்று தெரியும். ஏதோ என்பது எதுவும் ஆகலாம்.)

டப்பாவின் பக்கவாட்டில், பெரிய எழுத்தில்:

'நான் உங்கள் வீட்டுப் பாத்திரம் இல்லை. என்னைக் கடத்தி வந்திருக்கிறார்கள். காப்பாற்றுங்கள்.'

'என்னைத் திருப்பித் தராதவர் தலையில் முடி தங்காது.'

'ஊசி நூலுக்கு வேறு இடம் பார்க்கவும்.'

ஜூன் 12, வியாழன்

முதல் நாள். ஆபீஸ் முழுக்கச் சிரிப்பாம். லிஃப்டில் படம் எடுத்தார்களாம். வழுக்கைத் தலைக் காவலாளி ஒருவர் "எனக்கு இனிமே என்ன பயம்?" என்று கேட்டு டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டாராம். மாமாவே சிரித்துக்கொண்டு வந்தார். "வாலு, உன் பேரு அங்க பிரபலம்!"

அப்பா என் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி வைத்தார். எங்கள் வீட்டில் விருது என்றால் அதுதான். இரண்டு தடவை வாங்கித் தின்றேன்.

ஜூன் 16, திங்கள்

ஐயோ.

முன்பு மூன்றில் ஒரு டப்பா காணாமல் போய்க்கொண்டிருந்தது. இப்போது பாதி போகிறது. என் வாசகத்தைப் படித்துச் சிரிக்கிறார்கள், பிறகு வீட்டில் காட்டச் சிரித்துக்கொண்டே எடுத்துப் போகிறார்கள்! மூன்றாம் மாடிக் கணக்குப் பிரிவுதான் மோசம். ஒருவர் மூன்று டப்பாவுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார், வீட்டில் ஆளுக்கு ஒன்றாம். முடி தங்காது டப்பாவை மைத்துனருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தவரும் உண்டு.

அசிங்கப்படுத்தப் பார்த்தேன். அலங்காரம் பண்ணிவிட்டேன்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "விளையாட்டு உனக்கு விளையாட்டு. எனக்கு இது பொழைப்பும்மா" என்று மட்டும் சொன்னாள். நான் வேணும்னா பண்ணேன்? நல்லதுக்குத்தானே பண்ணேன்? யார்கிட்டப் போய்ச் சொல்றது இதை?

ஜூன் 17, செவ்வாய்

மாமாவுக்குப் போன் வந்தது. குக்கர் விசில் அடித்தது. யாரும் சிரிக்கவில்லை. பழைய மணியையே மாற்றி வைத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

பள்ளி விடுமுறை என்பதால் தண்டனையாக மாமாவின் வண்டியில் டப்பா வாங்கப் போனேன். 'வரும்போது பிச்சைக்காரன்' என்று மாமா சொன்னது எவ்வளவு சரி! மேசைக்கு மேசை நிற்கும்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. வாசகம் எழுதிய வாய் ஊமையாகிவிட்டது.

மூன்றாம் மாடியில் பச்சைப் பை மாட்டிய ஒரு அக்கா. டப்பாவைக் கழுவிக்கூட வைத்திருந்தார். நீட்டிவிட்டு, "பாப்பா, நாளைக்கு எனக்கு வேற டப்பா குடுக்கச் சொல்லேன். இதே வாசகம்தான் போன வாரமும் வந்துச்சு, போரடிக்குது" என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மாமா பின்னாலிருந்து, "வாலு, காலு ஒட்டிக்கிச்சா?"

ஒட்டிக்கொண்டது கால் இல்லை, யோசனை. ஒரு டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொள்ள ஆசை வந்தால் தொலைந்தோம். அடுத்த டப்பாவின் மேல் ஆசை வந்தால்? கையில் இருப்பதைக் கொடுத்தால்தானே அடுத்தது வரும்!

வீடு வந்ததும் அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். "அம்மா, ஒரு டப்பாவோட மூடிக்குள்ள விடுகதை. அதுக்குப் பதில் அதே டப்பாவுல இருக்காது. வேற டப்பாவோட அடியில இருக்கும். அந்த டப்பா மூடியில வேற விடுகதை. அதுக்குப் பதில் இன்னொண்ணுல. இப்படியே போய், கடைசி டப்பாவோட பதில் முதல் டப்பாவுல. வட்டம்!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். திட்டப்போகிறாள் என்று இரண்டடி பின்னால் போனேன்.

"ஒருத்தரு ஒரு டப்பாவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா என்ன ஆகும்?" என்றாள்.

"இன்னொருத்தருக்குப் பதில் கிடைக்காது."

"அவரு சும்மா இருப்பாரா?"

நான் அதுவரை யோசிக்கவில்லை. அம்மாதான் யோசித்தாள். "டப்பாவை நாம தேடிப் போக வேண்டியதில்லடி. அவங்களே தேடிக்குவாங்க." அவள் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தப் பழைய வெளிச்சம். "எல்லா மாடியிலயும் வேண்டாம். மூணாம் மாடியில மட்டும் போட்டுப் பார்ப்போம். அங்க நின்னா எங்கயும் நிக்கும்."

என் அம்மா. எழுதும்போதே காலர் தூக்கிக்கொள்கிறது. நான் போட்டிருப்பது காலர் இல்லாத சட்டை.

ஜூன் 22, ஞாயிறு

எழுத்து வெட்டுகிறவர் இரண்டு நாளுக்கு மின்சாரப் பேனாவை வாடகைக்குக் கொடுத்தார். "நீயே வெட்டிக்க. உன் விடுகதையில என் கை பாவத்துக்கு ஆளாக வேண்டாம்." என் 'ற' மட்டும் வழுக்கி விழுந்த மாதிரி வருகிறது. மற்றபடி பிரமாதம். மூன்றாம் மாடிக்கு எழுபது டப்பா, எழுபது விடுகதை. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு எண், விடுகதைக்குக் கீழே பதில் இருக்கிற டப்பாவின் எண். குடும்பமே குந்தி உட்கார்ந்தது.

என்னுடையது: 'எல்லாரையும் கூட்டும், எதையும் பெருக்காது. என்ன?' — மீட்டிங். அம்மா தரையில் உருண்டு சிரித்தாள்.

மாமாவுடையது: 'நின்றுகொண்டே ஏறலாம். நின்றுவிட்டால் ஏற முடியாது.' — லிஃப்ட். மூட்டை தூக்கி அனுபவப்பட்டவர் என்பதால் வந்திருக்கிறது.

அப்பா வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு: 'நான் நின்றால்தான் நீ உட்கார முடியும்.' — நாற்காலி. சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூன் 23, திங்கள்

கணக்குப் பிரிவில் பத்து வருடமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தும் பேசாதவர்கள் இன்று ஒருவர் டப்பாவை ஒருவர் கவிழ்த்துப் பார்த்தார்களாம். கவிழ்ப்பதற்கு முன் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதை ஒருவர் மறந்துவிட்டாராம். பாவம், வெள்ளைச் சட்டை.

ஜூன் 26, வியாழன்

மூன்றாம் மாடியில் மேசை மேசையாக நிற்கிற வேலை மாமாவுக்கு இனி இல்லை. லிஃப்ட் பக்கத்தில் அவர்களே டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டில் கிடந்த பழைய டப்பாவைக் கொண்டுவந்து "இதுலயும் ஒண்ணு வெட்டிக் குடுங்க, ஆட்டத்துல சேத்துக்கங்க" என்று கொடுத்தவர்கள் பலர். அதில் ஒன்றில் மீன் வாசனை. நாலாம் மாடிக்காரர்கள் மாமாவை வழிமறித்து, "எங்களுக்கு மட்டும் ஏன் வெறும் டப்பா?" என்று சண்டை.

இன்னொரு விஷயம், யாரும் எதிர்பாராதது. டப்பா திரும்பி வந்தால் மிச்சமும் திரும்பி வருகிறது. பிளாஸ்டிக் காலத்தில் அவர்கள் என்ன தின்றார்கள், எதைக் கொட்டினார்கள் என்று யார் கண்டது? எல்லாம் அங்கேயே குப்பைக்குப் போனது. இன்று அம்மா காலி டப்பாக்களைத் திறந்து பார்த்தாள். அப்பாவின் செல்லப் பாகற்காய் பாதி டப்பாக்களில் போன கோலத்திலேயே திரும்பி வந்திருந்தது.

அப்பா நீண்ட நேரம் அதைப் பார்த்தார். "நல்லாத்தானே இருந்துச்சு."

"உங்களுக்கு," என்றாள் அம்மா.

"சோறும் மிஞ்சியிருக்கு," என்றேன் நான், பேச்சை மாற்ற. மாற்றப் போய் இன்னும் புண்ணாக்கினேன். ஆனால் அம்மா பிடித்துக்கொண்டாள். நாளையிலிருந்து சோறு கொஞ்சம் குறைவு, பாகற்காய்க்கு ஓய்வு, மிச்சமாகிற காசில் நல்ல காய். அப்பா ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருப்பார், பிறகு சரியாகிவிடுவார். பாகற்காயிடம் கற்றதுதானே, முதலில் கசப்பு.

ஜூன் 28, சனி

மூன்றாம் மாடியில் ஒரு டப்பா காணோம். இருபத்தேழாம் எண். அதன் அடியில்தான் பச்சைப்பை அக்காவின் விடுகதைக்குப் பதில் இருக்கிறதாம். திங்கட்கிழமை விடுவதாக இல்லை என்று மாமாவிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமைதான் அம்மா மேடத்தைப் பார்க்கப் போகிற நாள். ஒன்று காணாமல் போனதைப் பற்றி மேடம் கேட்டால்?

அம்மா சொன்னாள்: "கேட்டா காணோம்னு சொல்லுவேன். இருக்கறதைத்தானே சொல்ல முடியும்."

ஜூன் 30, திங்கள்

ஒரு வரி விடாமல் எழுதப்போகிறேன்.

கொள்முதல் மேடத்தின் அறையும் மூன்றாம் மாடியில்தான். கண்ணாடிச் சுவர், குளிரூட்டி, மேசையில் தூசு என்ற பேச்சுக்கே இடமில்லை. அம்மா நல்ல புடவையில். நான் மாதிரி டப்பாவைத் தூக்குகிற கூலியாள். 'வாயைத் திறக்கக் கூடாது' என்ற ஒப்பந்தத்தின் பேரில் அழைத்துப் போனாள்.

மேடம் எடுத்த எடுப்பிலேயே, "உங்க ஏற்பாடு ரொம்ப நல்லதும்மா, ஒத்துக்கறேன். ஆனா நல்லதுக்குன்னு என்னால காசு ஒதுக்க முடியாது. லாபத்துக்குத்தான் முடியும்" என்றார்.

அம்மா சொன்னாள்: "நானும் நல்லது பண்ண வரலைங்க மேடம். லாபத்துக்குத்தான் வந்திருக்கேன்."

மேடம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும்தான்.

"பிளாஸ்டிக் டப்பாவுக்குச் சாப்பாட்டு விலையோட சேர்த்து ஒரு தடவை காசு குடுக்கறீங்க. அதை அள்ளிட்டுப் போற குப்பை வண்டிக்கு இன்னொரு தடவை குடுக்கறீங்க. ரெண்டு தடவை காசு, ஒரு தடவை சாப்பாடு. என் டப்பா மூணு மாசம் சுத்திட்டா தன் விலையைத் தானே சம்பாதிச்சுடும். அதுக்கப்புறம் சுத்தறது எல்லாம் மிச்சம். அந்த மிச்சத்துல பாதியை உங்க விலையில குறைச்சுத் தர்றேன்."

"கழுவுற செலவு?"

"அதையும் சேர்த்துத்தான் சொல்றேன். கழுவறதுக்கு ரெண்டு பேரை வேலைக்கு வச்சிருக்கேன். டப்பாக் கம்பெனிக்குப் போன காசு இப்போ அவங்க வீட்டுக்குச் சம்பளமாப் போகுது. அப்புறம், மேடம், திரும்பி வர்ற டப்பாவைத் திறந்தா உங்க ஆளுங்க எதைச் சாப்பிடலைன்னு தெரியுது. சாப்பிடாததைச் சமைக்கறதை நிறுத்திட்டோம். குப்பைக்குப் போற சோறும் யாரோ காசு குடுத்ததுதானே?"

மேடம் பேனாவை மேசையில் தட்டினார். "கணக்கு சரிதான். ஆனா எல்லாமே ஒரு விஷயத்துலதான் தொங்குது. டப்பா திரும்பி வரணும். மனுஷங்க நல்ல டப்பாவைத் திருப்பித் தர மாட்டாங்கம்மா. நான் இருபது வருஷமா இந்த ஆபீஸைப் பார்க்கறேன்."

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். கதவு தட்டுகிற சத்தம்.

பச்சைப்பை அக்கா. பின்னால் கணக்குப் பிரிவில் நாலைந்து பேர், எல்லாருக்கும் முன்னால் அந்த வழுக்கைத் தலைக் காவலாளி.

"மேடம், மன்னிக்கணும்," என்றார் அக்கா. "மாடி முழுக்கத் தேடிட்டோம். எல்லார் மேசையும் பார்த்தாச்சு. உங்க மேசை மட்டும்தான் பாக்கி."

நான் அம்மாவின் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தேன். முடிந்தது, ஒப்பந்தம் காலி, அடுப்பு காலி என்று நினைத்தேன்.

மேடம் மெதுவாக இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பளபளவென்று இருபத்தேழு. அதற்குள் காகிதம் கோக்கிற கம்பிகள், ரப்பர் வளையங்கள், ஒரு இருமல் மிட்டாய்.

"நல்ல டப்பாவா இருக்கேன்னு..." மேடத்தின் காது சிவந்தது. இருபது வருடப் பார்வை அந்த ஒரு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு முட்டி வெடித்துவிடும் போல இருந்தது. அம்மா சிரிக்கவில்லை. எழுந்து, தன் கைப்பையிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்துப் பிரித்து நீட்டினாள். "கம்பியை இதுல போட்டுக்குங்க மேடம்." அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை, குறைவாகவும் இல்லை.

மேடம் எல்லாவற்றையும் பைக்குள் கொட்டிவிட்டு டப்பாவை அக்காவிடம் கொடுத்தார். அக்கா அங்கேயே கவிழ்த்துப் பார்த்து, "அட, மீட்டிங்!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். மேடமும்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா. திரும்பி வரும்" என்றார்.

வாயைத் திறக்கவில்லை நான். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம். ஆனால் லிஃப்டில் இறங்கும்போது அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தோம். அம்மா என்னைவிடக் கொஞ்சம் குள்ளம். இன்று அப்படித் தெரியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஒப்பந்தம் கையெழுத்தானது. மற்ற மாடிகளுக்கும் விடுகதை வேண்டும் என்று மேடமே கேட்டிருக்கிறார். மாமா வண்டியில் காலி டப்பா வைக்கக் கூடுதல் தட்டு அடித்துக்கொண்டிருக்கிறார், சீட்டியடித்தபடி. "பிச்சைக்காரன் வேலை போச்சு?" என்று கேட்டேன். "போடி வாலு. இப்போ நான் போகும்போது சாப்பாட்டுக்காரன், வரும்போது சொத்துக்காரன்."

என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய வசனம். திருடிவிட்டார்.

அக்டோபர் 10, வெள்ளி

மழை. பள்ளியிலிருந்து நனைந்து வந்தால் அம்மாவின் மேசையில் ஒரு பார்சல். மூன்றாம் மாடியில் வேலை பார்த்து, இரண்டு மாதம் முன்பு தூரத்து ஊருக்கு மாற்றலாகிப் போன ஒருவர் அனுப்பியிருக்கிறார். உள்ளே பழைய துணியில் சுற்றிய எங்கள் டப்பா, கழுவித் துடைத்தது. மூட்டை கட்டும்போது தவறிப்போய்ச் சாமானோடு வந்துவிட்டதாம். பார்சல் செலவு டப்பாவின் விலையைவிட அதிகம். அவர் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. மூடிக்குள் இருந்த விடுகதை: 'எல்லாரும் என்னைத் தள்ளிப் போடுகிறார்கள். நான் ஒரு தடவைகூடக் கீழே விழுந்ததில்லை.' பதில் என்ன, தயவுசெய்து ஒரு போன் பண்ணிச் சொல்லுங்கள், எண் கீழே.

('வேலை' என்பதுதான் பதில். நாட்குறிப்பே, வாயைத் திறக்காதே.)

அப்பா பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டப்பாவைவிட அதிகமா செலவு பண்ணியிருக்காரு மனுஷன். இதை எந்தக் கணக்குல எழுதறது?" என்றார்.

நான் போனை எடுத்து எண்ணை அழுத்தப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதே."

"பாவம்மா, அவரு எவ்வளவு தூரம்..."

"இந்தப் பக்கம் வரும்போது நம்மகிட்டச் சாப்பிட வரட்டும். பதில் இருக்கற டப்பாவுலயே போட்டுத் தருவோம்."

சொல்லிவிட்டு அந்த டப்பாவை நாளைக்குப் போகிற அடுக்கில் வைத்தாள். திரும்பும்போது என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அது என் கண்சிமிட்டல். அச்சு அசல் என்னுடையது. எப்போது எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.

திருப்பிக் கேட்கப்போவதில்லை. வைத்துக்கொள்ளட்டும்.